இந்தியன் ஹெட்: ஒரு கோதுமை ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரெய்ரி சமவெளியில் ரயில் பாதையை ஒட்டிச் சின்னச் சின்ன ஊர்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்று இந்தியன் ஹெட். அந்த ஊரையும் அங்கே நடக்கும் விவசாயத்தையும் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தலைநகர் ரெஜைனாவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையும் கனடியன் பசிபிக் ரயில் பாதையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகின்றன. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மழை குறைந்த, காற்று ஓயாத ஒரு சமவெளியில் மண்ணிலிருக்கும் கொஞ்ச ஈரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பிரெய்ரி விவசாயத்தின் முழுக் கதையும். அந்தக் கதையின் முக்கியமான திருப்பங்கள் பலவும் இந்த ஒரே ஊரைச் சுற்றி நடந்திருக்கின்றன. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருப்பது வெளியே யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பெயரில் ‘இந்தியன்’ இருக்கிறதே, இந்தியாவோடு தொடர்பு உண்டா?

பெயரில் இல்லை. ஊருக்குத் தெற்கே உள்ள குன்றுகளின் பெயர் ஊருக்கு வந்தது. அங்கே குறிப்பிடப்படுவது அந்த மண்ணின் பூர்வகுடிகளை. ஆனால் கோதுமையிலும் பருப்பிலும் இந்தியாவோடு உண்மையான தொடர்பு உண்டு. கீழே வருகிறது.

விவசாயிகள் வருவதற்கு முன் அங்கே யார் வாழ்ந்தார்கள்?

கிரீ, சோட்டோ, அசினிபாயின் (தங்களை நகோடா என்று சொல்லிக்கொள்கிறவர்கள்) ஆகிய மக்கள், அப்புறம் பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மேட்டி மக்கள். பைசன் என்ற காட்டெருது மந்தைகளை நம்பிய வாழ்க்கை. 1874 செப்டம்பரில், பக்கத்துக் கப்பெல் பள்ளத்தாக்கில், இந்த நிலம் குறித்துப் பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையே நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1880க்குள் பைசன் கிட்டத்தட்ட அற்றுப்போனது. பட்டினி தொடங்கியது. சைப்ரஸ் குன்றுகளில் இருந்த அசினிபாயின் மக்களை அரசு 1882ல் இந்தியன் ஹெட் பக்கம் நகர்த்தியது. இருக்க முடியாமல் திரும்பிப் போனவர்களை அடுத்த ஆண்டே மறுபடி இங்கே வரவைத்தது. கேரி த கெட்டில் நகோடா மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இன்றும் பக்கத்தில்தான் இருக்கிறது.

“பூர்வகுடிகளுக்கு விவசாயம் வரவில்லை” என்று ஒரு கதை வெகுகாலம் சொல்லப்பட்டது. அது பொய். அவர்கள் நன்றாகவே பயிர் செய்தார்கள், சேர்ந்து பணம் போட்டு எந்திரங்களும் வாங்கினார்கள். 1889 முதல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி கொண்டுவந்த கொள்கை அவர்களைச் சின்னத் துண்டு நிலத்திலும் கைக் கருவிகளிலும் கட்டிப்போட்டது. வெள்ளைக்கார விவசாயி எந்திரத்தால் அறுக்கும்போது, பக்கத்து நிலத்துக்காரர் அரிவாளால் அறுக்க வேண்டும். 1885க்குப் பிறகு, ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நடைமுறையும் வந்தது. அதற்குச் சட்ட ஆதாரமே கிடையாது. லெப்ரெட் என்ற ஊரில், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி ஒன்று 1884ல் தொடங்கி 1998 வரை இருந்தது. ஊரின் வரலாறு என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

160 ஏக்கர் நிலம் இலவசமாகக் கொடுத்தார்களாமே?

கிட்டத்தட்ட இலவசம். 1872ல் வந்த டொமினியன் நிலச் சட்டப்படி பதிவுக் கட்டணம் 10 டாலர். மூன்று வருடம் அங்கேயே தங்கி, வீடு கட்டி, குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது காட்டினால் பட்டா.

நிலத்தை அளந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப்; அதில் ஒரு சதுர மைல் கணக்கில் 36 செக்‌ஷன்; ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் அந்த 160 ஏக்கர். குன்று, ஓடை எதையும் பார்க்காமல் ரூல் தடியால் இழுத்த மாதிரி கோடு போட்டுவிட்டார்கள். கிராமத்துச் சாலைகளெல்லாம் இன்றும் நேர்கோடாகவே ஓடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது: ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பதால், அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால். நம் பக்கத்தில் வீடுகள் ஒரு இடத்தில், வயல்கள் சுற்றி. அங்கே அப்படி இல்லை. அந்தத் தனிமையைப் பற்றித்தான் முதல் தலைமுறைப் பெண்கள் தங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

பெல் பண்ணை என்பது என்ன?

1882ல், ரயில் பாதை வந்த வருடமே, மேஜர் வில்லியம் பெல் என்பவர் ஒரு கம்பெனியைச் சேர்த்து 50,000 ஏக்கருக்கும் மேல் ஒரே பண்ணையாக நடத்தக் கிளம்பினார். வறட்சி, முன்பனி, பணத் தட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மிஞ்சியது வட்ட வடிவில் கல்லால் கட்டிய ஒரு குதிரை லாயம். அது இடியும் நிலைக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துப் பணம் திரட்டி, பழைய கற்களைக் கொண்டே மறுபடி கட்டி எழுப்பினார்கள்.

நிலத்தைத் தரிசு போடும் முறை இங்கேதான் தொடங்கியதா?

உலகத்துக்கே முதலில் என்று சொல்ல முடியாது. ஆனால் கனடிய பிரெய்ரிக்கு அது இங்கிருந்துதான் பரவியது.

1885ல் லூயி ரியேல் தலைமையில் மேட்டி மக்கள் அரசை எதிர்த்து எழுந்தார்கள். படைக்குச் சாமான் ஏற்றிச் செல்ல இந்தப் பக்கத்துக் குதிரைகளும் வண்டிகளும் போய்விட்டன. அதனால் பல வயல்களில் அந்தப் பருவம் விதைக்க முடியவில்லை. அடுத்த வருடம், 1886, கடுமையான வறட்சி. எல்லா வயலும் காய்ந்தது. முந்தைய வருடம் விதைக்காமல் உழுது மட்டும் போட்டிருந்த நிலத்தில் கோதுமை நின்றது. ஆங்கஸ் மக்காய் என்ற விவசாயி இதைப் பார்த்து, காரணத்தையும் பிடித்துக்கொண்டார்: பயிரில்லாத வருடத்தில் விழுந்த மழை மண்ணுக்குள்ளேயே தங்கியிருந்தது. களையை மட்டும் முளைக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், இரண்டு வருட மழையில் ஒரு பயிர் எடுத்துவிடலாம்.

நாடு முழுவதும் ஐந்து அரசு ஆராய்ச்சிப் பண்ணைகள் தொடங்கியபோது அவற்றில் ஒன்று இந்தியன் ஹெட்டுக்கு வந்தது. அதன் முதல் கண்காணிப்பாளர் இதே மக்காய். அவர் 25 வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார், சமவெளி முழுவதும் கேட்டது.

கோதுமையில் இந்தியத் தொடர்பு என்றீர்களே?

மார்க்விஸ் என்ற கோதுமை ரகம். அதன் ஒரு பெற்றோர் கனடாவில் புகழ்பெற்ற ரெட் ஃபைஃப். மற்றது இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா. நம் நாட்டு ரகம் சீக்கிரம் முற்றும். அதுதான் தேவைப்பட்ட குணம். பிரெய்ரியில் பனி உறையாத நாட்கள் வருடத்துக்குச் சுமார் 110 மட்டுமே. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி பனி விழுந்தால், பால் பிடித்து நிற்கும் கதிர் அப்படியே சுருங்கிவிடும். ஒரு வாரம் முந்தி அறுத்தால் வருட உழைப்பு தப்பிக்கும்.

ஒட்டுக் கட்டியது 1892ல். அதிலிருந்து நல்ல செடியைத் தேர்ந்தெடுத்தவர் சார்ல்ஸ் சாண்டர்ஸ். ஒவ்வொரு செடியின் மணியையும் வாயில் போட்டு மென்று, பசை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தே ரொட்டிக்கு ஆகுமா என்று முடிவு செய்தாராம். 1907ல் அந்த விதை இந்தியன் ஹெட்டுக்கு வந்து பிரெய்ரி மண்ணில் சோதிக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கனடாவின் வசந்த காலக் கோதுமையில் பெரும்பகுதி மார்க்விஸ்தான்.

ரயில்வேயோடு விவசாயிகளுக்கு என்ன சண்டை?

1901ல் அமோக விளைச்சல். ஆனால் கோதுமை ஏற்ற வேகன் இல்லை. இருந்த வேகன்களும் எலிவேட்டர் கம்பெனிகளுக்கே போயின. எலிவேட்டர் என்பது ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் உயரமான தானியக் கிடங்கு. அங்கே சொன்ன விலைக்கு, சொன்ன எடைக்குப் போட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையோடு வீட்டுக்குப் போக வேண்டும். தன் கோதுமையைத் தானே வேகனில் ஏற்றி அனுப்பும் உரிமையை 1900ம் வருடச் சட்டம் விவசாயிக்குக் கொடுத்திருந்தது. ஏட்டில் இருந்தது, ஸ்டேஷனில் இல்லை.

அந்த டிசம்பரில் டபிள்யூ. ஆர். மதர்வெல், பீட்டர் டேமன் என்ற இரண்டு விவசாயிகள் இந்தியன் ஹெட்டில் கூட்டம் கூட்டினார்கள். அங்கே உருவானதுதான் வடமேற்குப் பகுதியின் தானிய விவசாயிகள் சங்கம். சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். வேகன் கேட்டவர் பெயரை வரிசையாக எழுதி, அந்த வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்று ஆனது.

அப்புறமும் ரயில்வே பழையபடிதான் நடந்தது. அடுத்த ஊரான சின்டலூட்டாவின் ஸ்டேஷன் ஏஜென்ட் மீது 1902ல் சங்கம் வழக்குப் போட்டது. குற்றம் உறுதியானது, 50 டாலர் அபராதம். ரயில்வே உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. 50 டாலர் அந்தக் கம்பெனிக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் நாட்டின் மிகப் பெரிய கம்பெனியைச் சேற்றுக் காலோடு வந்த விவசாயிகள் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள் என்ற செய்தி எல்லா ஊருக்கும் போனது. பிறகு வந்த கூட்டுறவுகளுக்கெல்லாம், 1924ல் தொடங்கிய சஸ்காச்சுவான் வீட் பூல் உட்பட, இந்த வெற்றியே தைரியம் கொடுத்தது என்பது என் கருத்து. மதர்வெல் 1905ல் புதிய மாகாணத்தின் முதல் விவசாய அமைச்சரானார்.

எலிவேட்டருக்குள் என்னதான் நடக்கும்?

வண்டி ஒரு சாய்தளம் ஏறி நேராக உள்ளே வரும். நிற்கும் இடமே எடை மேடை. பாரத்தோடு ஒரு எடை போடுவார்கள். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் பின்கதவு வழியே தானியம் கம்பி வலைக்குக் கீழே உள்ள குழிக்குள் கொட்டும். கொட்டும்போதே ஏஜென்ட் அகப்பையால் கொஞ்சம் பிடித்து, கைச் சல்லடையில் சலித்து, களை விதையும் பதரும் எவ்வளவு என்று பார்த்துக் கழிவு போடுவார். பனி பட்ட மணி, முளைவிட்ட மணி, சுருங்கிய மணி என்று பிரித்துத் தரம் சொல்வார். நம்பர் 1 நார்தர்ன் என்று அவர் வாயில் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்தக் குளிர்காலம் நல்லபடி போகும். பிறகு காலி வண்டிக்கு இன்னொரு எடை.

குழிக்குள் போன தானியத்தை வாளிகள் கோத்த நீளமான பெல்ட் உச்சிக்குத் தூக்கும். மேலே ஒரு சுழலும் குழாய்; கீழேயிருந்து சக்கரத்தைத் திருப்பினால் எந்தக் குதிருக்கு வேண்டுமோ அதில் கொட்டும். எல்லாம் பலகையை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து ஆணி அடித்த சுவர்கள், தானியத்தின் அழுத்தம் தாங்க. மேலே ஏற, கயிற்றை இழுத்து ஏறும் ஒரு சின்னக் கூண்டு. உள்ளே எப்போதும் தானியத் தூசி. ஒரு பொறி போதும், மொத்தமும் எரிந்துவிடும்.

குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் எட்டு, பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷனும் எலிவேட்டர்களும் வைத்தார்கள். ஊர்களும் அதே இடைவெளியில் முளைத்தன. 1930களில் சஸ்காச்சுவானில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன.

இப்போது அவை ஏன் காணோம்?

லாரி வந்தது, சாலை வந்தது. அதோடு 1897 முதல் தானியத்துக்கு இருந்த சலுகை ரயில் கட்டணம் 1995ல் முற்றிலும் போனது. கிளை ரயில் பாதைகளை மூடினார்கள். கம்பெனிகள் பழைய மர எலிவேட்டர்களை இடித்துவிட்டு, நூறு வேகனை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் முனையங்களைக் கட்டின. எலிவேட்டர் போன ஊரில் முதலில் வரி வருமானம் குறையும், அப்புறம் கடை, அப்புறம் பள்ளிக்கூடம். நெடுஞ்சாலையும் முக்கிய ரயில் பாதையும் இருப்பதால் இந்தியன் ஹெட் தப்பித்தது.

1930களின் புழுதிப் புயலில் இந்த ஊருக்கு என்ன ஆனது?

மக்காய் சொன்ன தரிசுதான் இப்போது எதிரியாகத் திரும்பியது. களை இல்லாமல் உழுது உழுது பொடியாக்கிய வெற்று மண், தொடர் வறட்சி, நிற்காத காற்று. மேல்மண் பறந்தது. சமவெளியில் 1937 மிக மோசமான வருடம். அந்த ஜூலையில் மாகாணத்தின் தெற்கே வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது.

இந்தியன் ஹெட்டிடம் ஒரு மருந்து ஏற்கெனவே இருந்தது: மரம். 1901ல் விவசாயிகளுக்கு இலவசமாக மரக்கன்று கொடுக்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. அதற்கான நாற்றுப் பண்ணை ஊருக்குத் தெற்கே அமைந்தது. கரகானா, மனிடோபா மேப்பிள், பச்சை ஆஷ் மாதிரி குளிரும் வறட்சியும் தாங்கும் வகைகள். வீட்டைச் சுற்றியும் வயல் ஓரத்திலும் வேலியாக நட்டால் காற்று தணியும், பனி அங்கேயே குவிந்து வசந்தத்தில் உருகி மண்ணில் இறங்கும். அந்தப் பண்ணையிலிருந்து 60 கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள் போயிருக்கின்றன. மரமே இல்லாத சமவெளியில் தூரத்தில் ஒரு மரக் கூட்டம் தெரிந்தால், அங்கே வீடு இருக்கிறது அல்லது ஒரு காலத்தில் இருந்தது என்று அர்த்தம்.

2013ல் மத்திய அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். பெரிய எந்திரங்கள் திரும்ப இடம் வேண்டும் என்று மர வேலிகளைப் பிடுங்குகிறவர்களும் இப்போது உண்டு.

அப்படியானால் இன்றும் தரிசு போடுகிறார்களா?

மிகக் குறைவு. சஸ்காச்சுவானில் ஒரு காலத்தில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் தரிசு கிடந்தது. இன்று அதில் சிறு பங்குதான். 1984ல் செனட்டர் ஹெர்பர்ட் ஸ்பாரோ தலைமையிலான குழு, மண் அழிந்துகொண்டிருக்கிறது என்று நாட்டை எச்சரித்தது. அதற்கு முன்பே இந்தியன் ஹெட் விவசாயி ஜிம் ஹால்ஃபோர்ட் உழாமல் விதைக்கத் தொடங்கியிருந்தார். அறுத்த பயிரின் தாளை (அடிக்கட்டையை) அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் குறுகலான கீறல் போட்டு, விதையை ஒரு பக்கமும் உரத்தைச் சற்றுக் கீழே தள்ளியும் ஒரே ஓட்டத்தில் போடும் கருவியை அவர் வடிவமைத்தார். கான்சர்வா பேக் என்று பெயர். 2007ல் ஜான் டியர் கம்பெனி அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது. நிற்கும் தாள் பனியைப் பிடிக்கிறது, மண் பறப்பதில்லை, வருடா வருடம் பயிர் எடுக்கலாம். களைக்கொல்லியை நம்பியிருக்கும் முறை என்பது இதன் பலவீனம். அதற்குப் பிடி கொடுக்காத களைகள் பெருகி வருகின்றன.

தரிசைப் பரப்பிய ஊரே தரிசை ஒழிக்கும் கருவியையும் செய்தது. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போக இதுவே முதல் காரணம்.

இன்று என்ன விளைகிறது? நம் சமையலறைக்கு வருகிறதா?

ஊரைச் சுற்றிக் கனத்த களிமண். மழையில் பூட்ஸில் அப்பினால் எடுக்க முடியாது. கோதுமை, கனோலா என்ற எண்ணெய் வித்து, பட்டாணி, ஆளி விதை. பருப்பு இன்னும் வறண்ட மேற்குப் பக்கம் அதிகம். சஸ்காட்டூனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1970களில் தொடங்கிய வேலையால், இன்று கனடா உலகின் மிகப் பெரிய மைசூர் பருப்பு ஏற்றுமதி நாடு. இலங்கையில் தினமும் வேகும் பருப்பில் கனடாவிலிருந்து வருவதும் உண்டு. 2017 கடைசியில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதம், பருப்புக்கு 30 சதவீதம் இறக்குமதி வரி போட்டபோது, அடுத்த விதைப்புக்கே பல சஸ்காச்சுவான் விவசாயிகள் கணக்கை மாற்றினார்கள்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பருப்பு ரகம் இருக்கிறது: இந்தியன்ஹெட். கறுப்பு நிறம். தரிசுக்குப் பதிலாக விதைத்து மண்ணில் மடக்கிவிடும் தழையுரப் பயிராக அதைக் கொண்டுவந்தார்கள். இப்போது அதைச் சமைத்தும் சாப்பிடுகிறார்கள்.

ஒரு வருடம் எப்படிப் போகும்?

மே மாதம் விதைப்பு. சில வாரம் வீட்டில் ஆண், பெண் யாரையும் பார்க்க முடியாது. சாப்பாடு வயலுக்கே போகும். ஜூலையில் கனோலா பூத்து ஊரே மஞ்சள். அந்த மாதம் பயம் ஆலங்கட்டி மழை மீது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. பனி ஈரம் இறங்கும்வரை விளக்குப் போட்டு ராத்திரியும் கம்பைன் (அறுவடை எந்திரம்) ஓடும். யாராவது நோயில் விழுந்தாலோ இறந்துபோனாலோ, அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து கம்பைனோடு வந்து ஒரே நாளில் அந்த வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூலி என்ற பேச்சே வராது.

அறுவடை முடிந்ததும் தேவாலயங்களிலும் சமூகக் கூடத்திலும் ஊர் விருந்து. வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், உக்ரைன் வழி வந்த முட்டைக்கோஸ் சுருளும் பெரோகி என்ற கொழுக்கட்டையும், வீட்டுக்கு வீடு செய்து கொண்டுவரும் ‘பை’ என்ற இனிப்புப் பண்ட வகைகள். அதன் பிறகு ஐந்து மாதக் குளிர், மைனஸ் 30 சாதாரணம். கார் இன்ஜின் உறையாமலிருக்க ராத்திரி கரண்ட் ஒயரில் செருகி வைப்பார்கள். ஐஸ் ஹாக்கி அரங்கமும் கர்லிங் அரங்கமும் இல்லையென்றால் குளிர்காலத்தில் ஊரே ஒன்றாகக் கூட இடமில்லை.

பேச்சுத் துணைக்கு?

காலை பத்து மணிக் காபி. ஓய்வுபெற்ற விவசாயிகள் தினமும் ஒரே மேஜை, ஒரே நாற்காலி. யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவார்கள். மழை எத்தனை மில்லிமீட்டர், யார் நிலம் யாருக்குக் கை மாறியது, எல்லாம் அங்கேதான் தெரியும்.

மருத்துவ வசதி எப்படி?

கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வேர் இந்த மாதிரி ஊர்களில் இருக்கிறது. தனி டாக்டர் வந்து பிழைக்க முடியாத இடங்களில், முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஊராட்சிகள் வரிப் பணத்தில் டாக்டருக்குச் சம்பளம் கொடுத்தன. வயலட் மக்னாட்டன் தலைமையில் விவசாயப் பெண்கள் மருத்துவச்சியும் ஆஸ்பத்திரியும் கேட்டுப் போராடினார்கள். 1947ல் மாகாணம் முழுவதும் ஆஸ்பத்திரிக் காப்பீடு, 1962 ஜூலை 1 முதல் டாக்டர் செலவுக்கும் காப்பீடு. அதை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் அரசு பின்வாங்கவில்லை.

ஊர் சுருங்குகிறதா?

ஊரைவிடப் பண்ணைகளின் எண்ணிக்கைதான் சுருங்கியது. 1936ல் சஸ்காச்சுவானில் சுமார் 1,42,000 பண்ணைகள். 2021ல் சுமார் 34,000. சராசரிப் பண்ணை 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஒரு புது கம்பைன் ஐந்து லட்சம் டாலருக்கு மேல். அப்பா நிலம் வைத்திருந்தால் ஒழிய ஒரு இளைஞர் புதிதாக விவசாயத்தில் இறங்குவது அநேகமாக முடியாத காரியம். இந்தியன் ஹெட் நிலைத்திருக்க ரெஜைனா பக்கத்தில் இருப்பதும் காரணம். அங்கே வேலைக்குப் போய்வந்து இங்கே குடியிருக்கலாம்.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ரெஜைனாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். கல் லாயம் கோடையில்தான் திறந்திருக்கும், கிளம்பும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே அபர்னெதி அருகில் மதர்வெல்லின் கல் வீடு தேசிய நினைவிடமாக இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். வயல்களுக்குள் நிலத்துக்காரரைக் கேட்காமல் இறங்காதீர்கள். காலணியில் ஒட்டிய மண் வழியாகக் கனோலா நோய் பரவும் என்பதால் அவர்களுக்கு அது உண்மையான பயம். மழை பெய்த மறுநாள் மண் சாலைகளில் காரை விடவே விடாதீர்கள்.